ஆராய்ச்சி அறிவு அனைவருக்கும்: லத்தீன் அமெரிக்கா காட்டும் வழி

அறிவியல் ஆராய்ச்சியின் பெரும்பகுதி மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுகிறது. ஆய்வாளர்கள் தம் முடிவுகளைக் கட்டுரைகளாக எழுதுகின்றனர். அவற்றைப் பிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே மதிப்பிடுகின்றனர். எனினும் வணிக நிறுவனத்தின் இதழில் கட்டுரை வெளியானதும், அதைப் படிப்பதற்கு அதே மக்களின் கல்லூரிகள் சந்தா செலுத்த வேண்டியுள்ளது. சந்தா செலுத்த இயலாத கல்லூரியின் மாணவருக்குக் கிட்டுவது கட்டுரையின் சுருக்கம் மட்டுமே.

இந்நிலையை மாற்ற எழுந்ததே 'திறந்த அணுக்கம்' என்னும் கொள்கையாகும். 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இரு வழிகளைக் கூறிற்று. ஆய்வாளர் தம் கட்டுரையின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது ஒன்று. எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழ்களை நடத்துவது மற்றொன்று.

கூட்டுறவின் பயன்

இவ்விரு வழிகளிலும் முன்னேறியுள்ள பகுதி லத்தீன் அமெரிக்கா. அங்கு ஆய்விதழ்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் அறிஞர் கழகங்களுமே வெளியிட்டு வந்தன. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் வந்த அவ்விதழ்கள் உலகப் பட்டியல்களில் அரிதாகவே இடம் பெற்றன. தனித்தனியே நின்றால் எவர் கண்ணிலும் படாத இதழ்களை ஒருங்கே சேர்ப்பதே தீர்வெனக் கருதப்பட்டது.

1997-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநில ஆராய்ச்சி நிதி நிறுவனம் 10 இதழ்களைக் கொண்டு 'சியெலோ' என்னும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சிலி நாடு இணைந்தது. பின்னர் அப்பகுதியின் பல நாடுகளும், கடல் கடந்த தென்னாப்பிரிக்காவும் சேர்ந்தன. ஒவ்வொரு நாடும் தன் இதழ்களைத் தானே தேர்ந்து நடத்துகிறது. தரவிதிகளும் தொழில்நுட்பமும் பொதுவானவை. மெக்சிகோவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று 2003-இல் 'ரெடாலிக்' என்னும் மற்றொரு தொகுப்பைத் தொடங்கியது. 2012-இல் 9 நாடுகள் உடன்பாடு செய்துகொண்டு, தத்தம் தேசியக் களஞ்சியங்களை 'லா ரெஃபரென்சியா' என்னும் வலையில் இணைத்தன.

சட்டத்தின் துணை

கூட்டுறவுக்குச் சட்டமும் துணை நின்றது. அர்ஜென்டினா 2013-இல் இயற்றிய சட்டப்படி, அரசு நிதி பெறும் ஆய்வின் கட்டுரைகள் வெளியான 6 மாதங்களுக்குள் களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும். ஆய்வுத் தரவுகள் திரட்டப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் பொதுப் பார்வைக்கு வர வேண்டும். அதே ஆண்டில் பெரு நாடும் இத்தகைய சட்டம் இயற்றியது.

இந்தியாவின் நிலை

நம் நாட்டிலும் அடித்தளம் உண்டு. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் பல லட்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எவரும் படிக்கலாம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014-இல் திறந்த அணுக்கக் கொள்கையை அறிவித்தன. எனினும் கொள்கை சட்டமன்று. எல்லா ஆய்வாளரும் அதைப் பின்பற்றவில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடிப் பேர் படிக்க வழி செய்வது இதன் நோக்கம். சிற்றூர்க் கல்லூரிக்கும் தலைநகர் நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை இது குறைப்பது உண்மை. ஆயினும் சந்தா என்பது வாடகை போன்றது. கெடு முடிந்தால் மீண்டும் செலுத்த வேண்டும். அன்றியும், இந்தியர் எழுதும் கட்டுரைகளை இந்நிறுவனங்களுக்கு வெளியே உள்ள மருத்துவரோ விவசாயியோ படிக்க இது வகை செய்யாது.

ஆகவே, வாங்கிப் படிப்பதோடு நில்லாமல், நாம் எழுதுவதைப் பொதுவில் வைக்கும் ஏற்பாடும் தேவை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் களஞ்சியங்களை ஒரே வலையில் இணைப்பதும், இந்திய மொழி ஆய்விதழ்களுக்குப் பொதுத் தரவிதிகளும் நிதியும் அளிப்பதும், 2014-ஆம் ஆண்டுக் கொள்கைக்குச் சட்ட வலிமை தருவதும் முதற் படிகளாகும். மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களையே சென்றடைதல் வேண்டும்.