பழுதான பண்டமும் நமது உரிமையும்

புதிதாக வாங்கிய பிரஷர் குக்கர் வெடித்து வீட்டுப் பெண்மணியின் கை வெந்துபோனாலும், தெளித்த மருந்தினால் பயிர் கருகிப்போனாலும், "எல்லாம் நம் கெட்ட நேரம்" என்று சொல்லி ஆறுதலடைவோர் நம்மில் பலர். பண்டத்தைச் செய்தவரையும் விற்றவரையும் கேட்க வேண்டுமென்ற எண்ணமே எழுவதில்லை. பழுதான பண்டத்தால் தீங்குற்றவர் நஷ்டஈடு கேட்கச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. அங்கத்தினர்கள் யாவரும் அதனை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வுரிமையின் வரலாற்றில் நெசவாளர் ஊர் ஒன்றுக்கும் இடமுண்டு. ஸ்காட்லாந்திலுள்ள பெய்ஸ்லி, சால்வை நெசவுக்குப் பேர் பெற்றது. நாம் சேலையில் நெய்யும் மாங்காய் வடிவத்தை மேனாட்டார் அவ்வூரின் பெயராலேயே அழைக்கின்றனர். 1928-ஆம் ஆண்டில் அங்குள்ள சிற்றுண்டிச் சாலையொன்றில் டொனஹூ என்னும் அம்மையாருக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். புட்டியினுள் அழுகிய நத்தை கிடந்ததென்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி, பானம் தயாரித்தவர் மீது அம்மையார் வழக்குத் தொடுத்தார். விலை கொடுத்தவர் தோழியாயிற்றே, இவர் வழக்கிட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. பண்டத்தைச் செய்தவர் அதை உபயோகிப்பவரிடத்தும் கவனத்துடன் நடக்கக் கடமைப்பட்டவர் என்று 1932-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பண்டத்தால் விளையும் தீங்கிற்கென அதில் தனி அத்தியாயமே உள்ளது. தயாரிப்பிலோ அமைப்பிலோ உள்ள பழுதினால், அல்லது தக்க எச்சரிக்கை தராமையால், நம் உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேர்ந்தால் தயாரித்தவர் பொறுப்பாவார். அவர் இன்னாரென்று தெரியாவிடில் விற்றவர் பொறுப்பேற்க நேரும். வாங்கியவரின் இசைவுடன் உபயோகித்தவரும் நுகர்வோரே. சொந்த உழைப்பால் பிழைப்பதற்கென வாங்கிய கருவிகளும் சரக்குகளும் இதில் அடங்கும். ஆனால், பண்டத்தைத் தவறாக உபயோகித்துத் தீங்கைத் தேடிக்கொண்டவருக்கு இவ்வுரிமை கிட்டாது.

விவசாயிகளைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு 2012-இல் வந்தது. தேசிய விதைக் கழகத்தின் விதையால் நஷ்டமடைந்த ஆந்திர விவசாயிகள் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. விதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்ற ஆட்சேபமும் நிற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, பின்னர் பரிசோதனைக்கென மாதிரிக்கு எங்கே போவார்?

உரிமையைப் பெற நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ராஜபாளையத்தாருக்கு அது பக்கத்து ஊர். பண்டத்தை வெளியூரில் வாங்கியிருப்பினும், வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த கிரயம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றித் தாமே வாதாடலாம். காரணம் நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற தொலைபேசி எண் உண்டு. ரசீது, உடைந்த பண்டம், விதைப் பையின் சீட்டு, டாக்டரின் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. கடைக்காரர் வேறு பண்டம் தருவதாகச் சொன்னாலும், பழையதைப் படமெடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

இறுதியாக, நமது பொறுப்பையும் மறத்தலாகாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி நோயாளிகளின் புண்ணின் மேல் படுகிறது. அங்கே தயாரிப்பவர் நாமே. நம் சங்கம் மருந்தோ உரமோ விற்குமிடத்து, விற்பவரும் நாமே. 1844-இல் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்ததன் நோக்கங்களுள் ஒன்று கலப்படமற்ற சரக்குத் தருவது. ஆகவே, ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது எழுதுவோம். எச்சரிக்கைக் குறிப்பை எழுத்தறியாதவருக்குப் படித்துச் சொல்லிக் கொடுப்போம். பிறரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம்மிடம் வாங்குவோருக்கும் செய்தலே கூட்டுறவாளர்க்கு அழகாகும்.