ஒன்பது பேரும் ஜெயிக்கணும்!

குட்டீஸ்... ஜெர்மனியில் ஒரு சின்ன கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கரிக்காரர் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். விவசாயி ஒருவர் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று மூன்று பேரின் இடுப்பில் இருக்கும் சின்னக் கருவியும் 'பீப்... பீப்...' என்று அலறுகிறது. அவ்வளவுதான்! போட்டது போட்டபடி மூவரும் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடுகிறார்கள். சீருடையை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு தீயை அணைக்கப் போகிறார்கள்!

ஆமாம், அவர்கள்தான் அந்த ஊரின் தீயணைப்பு வீரர்கள். ஜெர்மனியில் பெரிய நகரங்களில்தான் சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படை இருக்கும். மற்ற ஊர்களில் எல்லாம் ஊர்க்காரர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படித் தாமாக முன்வந்து சேவை செய்பவர்கள் அங்கே சுமார் 10 லட்சம் பேர்! (அங்கேயும் அவசர எண் 112தான். நம் நாட்டில் இப்போது இருக்கிறதே, அதே எண்!)

சரி, பேக்கரிக்காரருக்கு வயதாகிவிட்டால்? அடுத்த ஆள் வேண்டுமே! அதற்காகத்தான் 'இளைஞர் தீயணைப்புப் படை' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் 10 வயது ஆகிவிட்டால் போதும், சேர்ந்துவிடலாம். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. பல ஊர்களில் 6 வயதுச் சுட்டிகளுக்குக்கூட தனி அணி உண்டு.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நீலச் சீருடை, ஆரஞ்சு நிற ஹெல்மெட். உடனே தண்ணீர் பீய்ச்சலாம் என்று ஆசையோடு போனால் ஏமாந்துபோவீர்கள்! முதலில் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் குழாய்களைச் சுருட்ட, விரிக்க, ஒன்றோடு ஒன்று இணைக்க. குழாய் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டாலும் தண்ணீர் சரியாக வராதே!

இன்னொன்றும் முதலிலேயே சொல்லித் தருவார்கள். ஓர் அணி என்றால் ஒன்பது பேர். ஒருவர் தலைவர். ஒருவர் பம்பைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் செய்தி கொண்டுபோவார். மிச்சம் ஆறு பேர், மூன்று ஜோடிகள். எரியும் வீட்டுக்குள் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். ஜோடியாகவேதான் திரும்ப வேண்டும். கூட வந்தவரை விட்டுவிட்டு வரக் கூடாது. புகைக்குள் போனால் தன் கையே தனக்குத் தெரியாது. அப்போது பக்கத்தில் இருப்பவரை நம்பித்தானே ஆக வேண்டும்?

பயந்துவிடாதீர்கள், பிள்ளைகளை நிஜத் தீக்குள் அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே பயிற்சிதான். சில ஊர்களில் ஒருநாள் முழுக்க, 24 மணி நேரமும் பிள்ளைகளை நிலையத்திலேயே தங்க வைப்பார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். நடுராத்திரியில் மணி அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினால், 'காணாமல் போன' ஒரு பொம்மையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்!

இவர்களுக்கு ஒரு பெரிய பரீட்சை இருக்கிறது. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு. நம் பரீட்சை மாதிரி தனித்தனியாக எழுத முடியாது. ஒன்பது பேரும் சேர்ந்துதான் எழுதணும்... இல்லையில்லை, செய்யணும்!

எட்டுக் குழாய்களை, மொத்தம் 120 மீட்டர் நீளத்துக்கு, முறுக்கு விழாமல் 75 விநாடிகளில் இணைக்க வேண்டும். அடுத்து குண்டு எறிதல். இதில்தான் வேடிக்கை! யார் அதிக தூரம் எறிந்தார் என்று பார்ப்பதில்லை. ஒன்பது பேர் எறிந்த தூரத்தையும் கூட்டுவார்கள். மொத்தம் 55 மீட்டர் வந்தால் தேர்ச்சி. ஒல்லிப் பையன் நாலு மீட்டர்தான் எறிந்தானா? பரவாயில்லை, மற்றவர்கள் சேர்த்து எறிய வேண்டும். ஆனால், அந்த நாலு மீட்டரும் இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்!

தொடர் ஓட்டமும் அப்படித்தான். 1,500 மீட்டரை 4 நிமிடம் 10 விநாடிகளில் முடிக்க வேண்டும். யார் எவ்வளவு தூரம் ஓடுவது என்பதை அணியே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால், யாரும் ஓடாமல் உட்கார முடியாது. தீயணைக்கும் பயிற்சியும், கேள்வி-பதிலும் தனி. கடைசியில் பதக்கம் ஒன்பது பேருக்கும் உண்டு, அல்லது ஒருவருக்கும் இல்லை! புதிதாக வந்தவனைக் கேலி செய்து ஒதுக்கினால் யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள் பார்ப்போம்?

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? வடகடலில் 'ஃபோர்' என்று ஒரு தீவு. அதில் 'ஓவெனும்' என்று ஒரு கிராமம். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!) அங்கே நாணல் வேய்ந்த கூரை வீடுகள். தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும்? ஊர் ஆண்களோ அடிக்கடி கடலுக்குப் போய்விடுவார்கள். அதனால் 1882-ல் ஊர்ப் பையன்களையே சேர்த்து ஒரு படை அமைத்தார்கள். ஜெர்மனியின் முதல் சிறுவர் தீயணைப்புப் படை அதுதான்!

பக்கத்திலேயே 'சில்ட்' என்று இன்னொரு தீவு. அங்கே 'லிஸ்ட்' என்ற ஊரில், தாமாக முன்வர ஆள் போதவில்லை. ஆள் இல்லை என்று தீயணைப்பு நிலையத்தை இழுத்து மூடிவிட முடியுமா? சட்டப்படி ஊர்க்காரர்களைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி நிலையத்து வாசலில் வந்து நின்றால், பெரியவர்கள் ஏன் அவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

வளர்ந்து பெரியவர்களானதும், மேற்கொண்டு பயிற்சி எடுத்து நிஜப் படைக்கு மாறிவிடலாம். அன்றைக்கு அந்த 'பீப்' கருவி அவர்கள் இடுப்புக்கும் வந்துவிடும். அது முதல்முறையாக அலறும்போது, அவர்களோடு வண்டியில் ஏறுவது யார்? குண்டு எறிந்தபோது நாலு மீட்டரோடு நின்றானே, அந்த ஒல்லிப் பையனாகவும் இருக்கலாம்!