வெப்ப வாயுவில் நீர்த்துளி ஆவியாதல்

வெப்ப வாயுவில் நீர்த்துளி ஆவியாதல் என்பது, தெளிக்கப்பட்ட நீர்த்துளிகள் தம்மைச் சூழ்ந்த மிகச் சூடான வாயுவிலிருந்து வெப்பத்தைப் பெற்று நீராவியாக மாறும் நிகழ்வாகும். நீர்ப்பனி மூலம் தீயை அணைத்தல், ஆலைப் புகைவாயுவைக் குளிர்வித்தல், பால்மாவு தயாரிக்கும் தெளிப்பு உலர்த்தல் ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படை.

துளியின் வெப்பநிலை

வாயு 1000 °செ வெப்பநிலையில் இருந்தாலும், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் துளியின் வெப்பநிலை 100 °செ-ஐத் தாண்டுவதில்லை. துளி முதலில் விரைந்து சூடாகிறது. ஆவியாதல் கூடக்கூட, வந்துசேரும் வெப்பம் முழுவதும் ஆவியாக்கத்துக்கே செலவாகும் நிலை ஏற்படுகிறது. அதன்பின் உலர்ந்த வாயுவில் துளியின் வெப்பநிலை கொதிநிலைக்குக் கீழேயே ஏறத்தாழ மாறாமல் நிற்கும். 1 கிலோகிராம் நீரை 20 °செ-இலிருந்து 100 °செ-க்குச் சூடாக்க ஏறத்தாழ 335 கிலோஜூல் போதும். 100 °செ-இல் அதை ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. நீரின் குளிர்விக்கும் திறனில் பெரும்பகுதி இந்த உள்ளுறை வெப்பத்திலேயே உள்ளது.

ஆவியின் தடை

துளியிலிருந்து வெளியேறும் நீராவி, உள்நோக்கி வரும் வெப்பத்துக்கு எதிராகப் பாய்கிறது. இது ஸ்டீபன் பாய்வு எனப்படும். வாயுவின் வெப்பநிலை உயர உயர ஆவியாதல் விரைவுபட்டாலும், இந்தத் தடையும் வலுக்கிறது. எனவே உண்மையான வேகம், இத்தடையைக் கருதாமல் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே இருக்கும்.

துளியின் அளவு

அசையாத வாயுவில், துளி முற்றிலும் மறைய ஆகும் நேரம் அதன் தொடக்க விட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.1 மில்லிமீட்டர் துளியைவிட 1 மில்லிமீட்டர் துளி மறைய ஏறத்தாழ 100 மடங்கு நேரம் பிடிக்கும். 1 லிட்டர் நீரை 1 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், 0.1 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் 60 சதுர மீட்டர். வாயு துளியைக் கடந்து வேகமாகப் பாய்ந்தால் நேரம் மேலும் குறையும்.

பயன்பாடுகள்

சிமெண்ட் ஆலைகளின் குளிர்விப்புக் கோபுரங்களில், துளிகள் கீழே வந்து சேருமுன் முழுவதும் ஆவியாக வேண்டும். இல்லையெனில் ஈரமான தூசி சுவரிலும் அடித்தளத்திலும் சேறாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

தீயணைப்பில் சிக்கல் இருபுறமும் உள்ளது. பெரிய துளிகள் சுடரைக் கடந்து எரியும் பொருளை எட்டி நனைக்கும். ஆனால் சூடான வாயுவை அதிகம் குளிர்விப்பதில்லை. நுண்துளிகள் வாயுவை விரைந்து குளிர்விக்கும். ஆனால் மேலெழும் வெப்பவாயுவால் அடித்துச் செல்லப்பட்டு, தீயின் அடியை எட்டுமுன் மறையக்கூடும். 100 °செ-இல் நீராவியின் கன அளவு நீரைப்போல் 1,600 மடங்குக்கு மேல். இது சுடரைச் சுற்றியுள்ள ஆக்சிசனை விலக்கித் தீயை அடக்க உதவுகிறது. ஆனால் வெளியேற வழியில்லாத மூடிய அறையில், அதே நீராவி உள்ளே இருக்கும் தீயணைப்பு வீரர்களைச் சுட்டுவிடும். ஆகவே எவ்வளவு நீர், எந்த அளவுத் துளிகளாக, எங்கே தெளிக்கப்படுகிறது என்பது உயிர்காப்புச் சார்ந்த முடிவாகும்.