பெட்ரோலாலும் குளிரும் எஞ்சின்

1970களில் ஜெர்மனியில் செய்த ஃபோக்ஸ்வேகன் வேனின் பின்பக்க மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும், ரேடியேட்டர் தெரியாது. அந்த வண்டியில் எங்கு தேடினாலும் ரேடியேட்டர் கிடையாது. ஒரு பெரிய விசிறி வெளிக்காற்றை இழுத்துச் சிலிண்டர்களின் மேல் அடிக்கிறது. எஞ்சின் ஆயில் தன் பங்குக்குச் சூட்டைச் சுமந்து போகிறது. எஞ்சினைக் குளிரவைப்பதில் மூன்றாவதாகப் பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. அந்தப் பெட்ரோலை அளந்து கொடுக்கும் கார்பரேட்டர் கெட்டால் மைலேஜ் மட்டும் குறைவதில்லை, எஞ்சினே வெந்து போகலாம்.

இந்த வேன் 1950 மார்ச்சில் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் உற்பத்திக்கு வந்தது. நிறுவனம் வைத்த பெயர் டைப் 2. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்றத் தொடங்கியது. 1967 ஆகஸ்டில் முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாக மாறியது. அந்த வடிவத்தில் வந்த கேம்பர் வேன்கள் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் இன்றும் கோடைதோறும் சாலைக்கு வருகின்றன. அரை நூற்றாண்டு கடந்த அந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பழுதுபார்க்கும் பேச்சு கார்பரேட்டரில்தான் தொடங்குகிறது.

கார்பரேட்டரின் அடிப்படை மிக எளிது. எஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்தைத் தாண்டிப் போக வேண்டும். இடம் குறுகும்போது காற்றின் வேகம் கூடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் வெஞ்சூரியின் பெயரால் வழங்கும் விளைவு இது. பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு மிதவையால் மட்டம் மாறாமல் நிற்கும் பெட்ரோல், அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி ஜெட் எனும் பித்தளைத் துளை வழியே மேலேறித் தூவலாகக் காற்றில் கலக்கிறது. துளையின் அளவுதான் எல்லாம். ஜெட்டில் பொறித்திருக்கும் 130 என்ற எண், துளை ஏறத்தாழ 1.30 மில்லிமீட்டர் என்று சொல்கிறது.

எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மேட்டில் முழுச் சுமையோடு ஏறும் வேனுக்கு இதைவிட அடர்ந்த கலவை, 12.5க்கும் 13க்கும் இடையில், தேவைப்படுகிறது. மிகுதியாக வரும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கலவை மெலிந்தால் அந்த உதவி போய்விடும், சிலிண்டர் தலையின் வெப்பம் ஏறும். தண்ணீரில் குளிரும் எஞ்சின் இதை ஓரளவு தாங்கும். காற்றில் குளிரும் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு, அதற்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளி மறைந்து, வால்வு இருக்கையில் சரியாக உட்காராமல் கருகிவிடும். இந்த வேனில் வந்த 1600 சிசி எஞ்சினின் மூன்றாவது சிலிண்டருக்கு இந்த ஆபத்து அதிகம். 1971 மாடல் வரும்வரை அதன் காற்றுப் பாதையில் ஆயில் கூலர் நின்றதால், மற்றவற்றைவிட அது சூடாகவே ஓடியது.

அந்த 1600 எஞ்சினுக்கு ஒரே ஒரு சோலெக்ஸ் கார்பரேட்டர், நட்டநடுவில். அங்கிருந்து இருபுறமும் நீண்ட குழாய் வழியே கலவை போக வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது குழாய் குளிர்ந்து, ஈரமான நாளில், வெளியே 10 டிகிரி இருக்கும்போதுகூட உள்ளே பனி படியும். இதைத் தடுக்க எக்ஸாஸ்ட் புகையை ஒரு மெல்லிய குழாயில் கொண்டுவந்து அதே பாதையைச் சூடாக்கினார்கள். அந்தக் குழாய் கரியால் அடைபட்டால் எஞ்சின் திணறும். உடையவர் கார்பரேட்டரைக் குறை சொல்வார், புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார், திணறல் அப்படியே இருக்கும்.

1972 மாடலில் வந்த 1700 எஞ்சினும், அதன் பின்வந்த 1800, 2000 எஞ்சின்களும் வேறு வகை. இவை தட்டையானவை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சோலெக்ஸ் 34 பிடிஎஸ்ஐடி கார்பரேட்டர்கள் கொண்டவை. பாதை குட்டையானது, பனித் தொல்லை குறைவு. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1975 முதல் புகைக் கட்டுப்பாட்டுக்காக எரிபொருள் ஊசி முறை வந்தது. ஐரோப்பாவில் இரட்டைக் கார்பரேட்டர் தொடர்ந்தது. இரண்டும் ஒன்றுபோல இயங்க வேண்டும் என்பதுதான் சிக்கல். போதாக்குறைக்கு, மிதிக்காமல் ஓடும் ஐட்லிங் நிலைக்கான கலவையின் பெரும்பகுதியை இடப்பக்கக் கார்பரேட்டருக்குள் இருக்கும் ஒரு பொதுவான சிறு வழியே இரு பக்கத்துக்கும் கொடுக்கிறது. அது அடைபட்டதை அறியாதவர்கள் த்ராட்டில் தகட்டைத் திறந்துவைத்து ஐட்லிங்கைக் கூட்டுவார்கள். அன்றிலிருந்து எந்தத் திருகும் தன் வேலையைச் செய்யாது.

இந்த நிலையில்தான் இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் ஒரே ஒரு வெபர் கார்பரேட்டரை மாட்டலாம் என்ற ஆசை வருகிறது. சமன்செய்யும் வேலை மிச்சம் என்பது வாதம். ஆனால் தட்டை எஞ்சினில் நடுவிலிருந்து கிளம்பும் குழாய்கள் மிக நீளமானவை, பெரும்பாலும் சூடாக்கும் வழி இல்லாதவை. குளிரில் பெட்ரோல் குழாய்ச் சுவரிலேயே துளியாகப் படிந்துவிடும், மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும். இரட்டை வெபர் 34 ஐசிடி இதைவிட எவ்வளவோ மேல். பழைய சோலெக்ஸின் உடல் விரிசல் விட்டிருந்தால் அதை நாடலாம். உடல் நன்றாக இருந்தால், அந்த எஞ்சினுக்கென்றே ஜெட் அளந்து செய்த மூலக் கார்பரேட்டரைப் புதுப்பிப்பதே சிறந்த வழி.

அதற்கும் முன்னால் ஒரு வரிசை உண்டு. விண்வெளி நிறுவன வேலையை விட்டு மெக்கானிக் ஆன பொறியாளர் ஜான் மியூர் 1969இல் வெளியிட்ட ஃபோக்ஸ்வேகன் கையேடு, அனுபவமே இல்லாதவர்களையும் டேப்பட் இடைவெளி பார்க்கப் பழக்கியது. குளிர்ந்த 1600 எஞ்சினில் அது 0.15 மில்லிமீட்டர். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிறகு பற்றவைக்கும் நேரம். கார்பரேட்டர் கடைசி. மிதித்ததும் திணறும் பல 1600 எஞ்சின்களில் குற்றவாளி டிஸ்ட்ரிபியூட்டர்: வேக்குவத்தால் பற்றவைப்பை முன்னகர்த்தும் வசதி இல்லாத 009 வகையை சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்பரேட்டரோடு சேர்த்தால் அந்தத் திணறல் வரும். இவற்றைப் பார்க்காமல் ஜெட்டை மாற்றுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

புதுப்பிக்கும் வேலை பொறுமையைக் கேட்கும். எல்லாத் திருகுகளையும் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் காற்றடித்துப் பார்க்க வேண்டும். ஜெட்டுக்குள் கம்பியை விடவே கூடாது, துளையின் அளவு மாறிவிடும். புதுப்பிக்கும் கிட்டில் வரும் கேஸ்கட், ஊசி வால்வு, ஆக்சிலேட்டர் பம்பின் டயஃப்ரம் மூன்றும் புதிதாக வேண்டும். பெட்ரோல் மட்டத்தை ஊசி வால்வின் கீழே போடும் வாஷரின் தடிமன் தீர்மானிக்கிறது, அதை வெறும் பேக்கிங் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. கிட்டால் தீராத நோய் த்ராட்டில் தண்டின் தேய்மானம். ஐம்பது ஆண்டு சுழன்ற தண்டு ஆடும், ஆடிய இடத்தில் அளக்கப்படாத காற்று உள்ளே புகும், கலவை மெலியும். லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் போடவைப்பது ஒன்றே மருந்து.

பெட்ரோல் வரும் பித்தளைக் குழல் கார்பரேட்டரின் மேல்மூடியில் வெறுமனே அழுத்திப் பொருத்தப்பட்டது. காலப்போக்கில் தளர்ந்து கழன்றுவிட்டால், பம்ப் அனுப்பும் பெட்ரோல் நேராகச் சூடான எஞ்சின்மேல் கொட்டும். 1600 எஞ்சினின் உடல் மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம், எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநர் தாமதமாகவே அறிவார். எத்தனையோ அருமையான வேன்கள் இப்படிச் சாம்பலாகியிருக்கின்றன. குழலைக் கையால் அசைத்துப் பார்ப்பதும், ரப்பர் ஹோஸ்களை மாற்றுவதும் இந்த வேலையின் பிரிக்க முடியாத பகுதி. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கிறது. ஜெர்மனியில் 10 சதவீதக் கலப்பு 2011இலும் பிரிட்டனில் 2021இலும் வந்தது, இந்தியப் பம்புகளில் இப்போது 20 சதவீதம். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ்தான் போட வேண்டும்.

இரட்டைக் கார்பரேட்டர்களைச் சமன்செய்யும்போது எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். சூட்டில் எஞ்சின் விரிவதால் இரு பக்கக் கார்பரேட்டர்களுக்கும் நடுவிலுள்ள தூரமே சற்று மாறுகிறது. இணைப்புக் கம்பியைக் கழற்றி, காற்றோட்டமானியை ஒவ்வொரு வாயிலும் வைத்து, இரு பக்கமும் ஒரே அளவு காட்டும்வரை திருகைத் திருப்புவார்கள். பிறகு கம்பியை மாட்டி, வேகத்தைக் கூட்டி மறுபடி அளப்பார்கள். ஐட்லிங்கில் ஒத்துப்போனது வேகத்தில் பிரிந்தால் கம்பியின் நீளம் தவறு.

ஓரிரு நாள் ஓட்டியபின் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்க்கலாம். இளம் பழுப்பு நல்லது, கரி படிந்திருந்தால் கலவை அடர்த்தி, வெளுத்திருந்தால் மெலிவு. மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் ஜெட்டைத் தொடக்கூடாது. அந்தச் சிலிண்டருக்குப் போகும் குழாயின் கேஸ்கட்டில் காற்று கசிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.