உங்களுக்குத் தெரியுமா? திரையில் திரும்பி வந்த நூல்கள்

தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் தயாரிக்கும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை மாதிரி வினாத்தாள்கள் இன்று பிடிஎப் கோப்புகளாகக் கைபேசிக்குக் கைபேசி பரவுகின்றன. பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் பார்க்கும் பிள்ளைகள் புத்தகத்தைக் கைவிடுவார்களோ என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் கிடைக்காத நூலை யாரும் வாசிக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. பின்னர் போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளையும் வெறுமையாக்கின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் அரிய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இப்போது எவரும் இலவசமாக வாசிக்கலாம். மங்கிய அச்சும் பூச்சி அரித்த ஓரமும் பழைய வாசிகசாலை முத்திரையும்கூட அப்படியே தெரியும்!

திரையில் வாசித்தால் மனதில் பதியாது என்பார்கள். அதில் பாதி உண்மை. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வின்படி, தகவல் கட்டுரைகளைத் தாளில் வாசித்தவர்களே கூடுதலாக விளங்கிக்கொண்டனர். கதை வாசிப்பில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பாடத்தை அச்செடுத்துப் படிப்பதும், கிடைக்காத நாவலைத் திரையில் வாசிப்பதும் புத்திசாலித்தனம். உங்கள் வீட்டில் பழைய சஞ்சிகைகளோ கோயில் மலர்களோ இருந்தால், எறிந்துவிடாமல் ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலகத்துக்கு மின்வருடக் கொடுங்கள்.