தக்காளி அடியில கருப்பா? மருந்துக்கடைக்கு ஓடாதீங்க!

பாலக்கோடு: தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு, கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை பகுதிகளில் பல குடும்பங்களுக்கு தக்காளிதான் சோறு போடுகிறது. காய் திரண்டு வரும் நேரத்தில் அடிப்பாகம் நீர் கோர்த்தது போலாகி, பள்ளம் விழுந்து கருத்துவிட்டால் மண்டியில் அதை வாங்க ஆளில்லை. கழித்துக் கொட்ட வேண்டியதுதான்.

'நோய் வந்துடுச்சு' என்று பூஞ்சாண மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. அது தண்டச் செலவு. இது கிருமியால் வருவதல்ல. காய்க்கு சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தாலும் வரும். காரணம், அந்தச் சத்து தண்ணியோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால், காய்ந்து கிடந்த நாட்களில் ஏறிய கொஞ்சமும் இலைக்கே போயிருக்கும். காயின் அடிமுனை பட்டினி. யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான்.

எனவே தண்ணியை சீராக விடவேண்டும். காய் வளரும்போது லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். கூடினால் இலை கருகும். ஏற்கனவே கருத்த காய் தேறாது. பறித்துப் போட்டுவிட்டு அடுத்த கொத்தைப் பார்க்க வேண்டும்.