பழைய முகவரியை என்ன செய்வது?

இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்றிவிட வேண்டும் என்று, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு டாட் காம் முகவரி வாங்குவது யாருக்கும் எளிது. புதிய முகவரியையோ ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் வங்கிகளுக்கு மட்டுமே பதிந்து தரும். நோக்கம் சரி. ஆனால் வாடிக்கையாளர்களின் விரல்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போன ‘எச்டிஎஃப்சி பேங்க் டாட் காம்’, ‘ஐசிஐசிஐ பேங்க் டாட் காம்’ போன்ற பழைய முகவரிகளின் கதி என்ன? கடையின் பெயரை மாற்றும் தாராவி தோல்பை வியாபாரிக்கும், பாகம் பிரிந்த பின் தனித் தளம் தொடங்கும் செம்பூர் கேட்டரிங்காரருக்கும் வருகிற கேள்விதான் இது. பலர் இதைத் தளம் கட்டித் தந்த பையனின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். முதலாளி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி.

கூகுள் தேடலில் ஒரு தளம் முன்னால் வருகிறது என்றால், அந்த மதிப்பில் பெரும்பங்கு அதன் தனித்தனிப் பக்கங்களில் சேர்ந்திருக்கிறது. தோல் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது எப்படி என்று வியாபாரி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். வேறு தளங்கள் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கலாம். அந்த இணைப்புகள்தாம் அவருடைய முதல். பழைய முகவரியைத் தட்டுகிறவருக்கு, ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இங்கே போ’ என்று சர்வர் சொல்லும் பதிலின் எண் 301. ‘இப்போதைக்கு அங்கே போ’ என்பதற்கு 302. மும்பையின் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம் 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017-ல் ‘மகராஜ்’ சேர்ந்தது. இன்றும் மாட்டுங்காவில் டாக்ஸி ஏறி ‘வி.டி.’ என்றால் ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் அங்கேயே இறக்கிவிடுவார். 301 செய்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்தோடு இணைத்தால்தான் பலன். எல்லாவற்றையும் சேர்த்து முகப்புப் பக்கத்தில் கொண்டு தள்ளுவது சோம்பேறி வழி. ஜாக்கெட் அளவு தேடி வந்தவர் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். கூகுளும் அப்படிப்பட்ட திருப்பலை, பக்கமே இல்லாததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

திருப்பிவிட்டாலே மதிப்பில் கொஞ்சம் கசிந்துவிடும், அதனால் பழைய தளத்தை அப்படியே ஓடவிட்டு ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் வைக்கலாம் என்பவர்கள் உண்டு. கசிவு பற்றிய அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. 2016-ல் கூகுளின் கேரி இல்யெஸ், இத்தகைய திருப்பல்களால் ‘பேஜ்ரேங்க்’ என்ற அந்த இணைப்பு மதிப்பு குறைவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அறிவிப்புப் பலகையைப் படிக்கிறவர் மனிதர்; தேடுபொறிக்கோ ஒரே சரக்குள்ள இரண்டு தளங்கள் கண்ணில் படும், எது அசல் என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். இன்னொரு தரப்பு, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமே என்று 302-ஐ விரும்புகிறது. பழுதுபார்க்கும் இரண்டு நாளுக்கு அது சரி. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவருக்கு அது பொருந்தாது. புதிய முகவரியையே முதன்மையாகக் கொள் என்பதற்கு 301 வலுவான சைகை, 302 பலவீனமான சைகை.

பணக் கணக்கில் வரும் ஆட்சேபத்துக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்: புதிய தளம் ஓடத் தொடங்கிய பிறகு பழைய பெயருக்கு ஏன் ஆண்டுதோறும் கட்டணம்? திருப்பலை முடிந்தவரை நீண்ட காலம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். என்னைக் கேட்டால் ஓராண்டு போதாது. விசிட்டிங் கார்டிலும் தினசரிக் காலண்டரிலும் அச்சான முகவரியை யாரும் திருத்தப்போவதில்லை. அதைவிடப் பெரிய காரணம், கைவிட்ட பெயர் சந்தைக்கு வரும் என்பதுதான். நல்ல பெயரெடுத்த பழைய முகவரிகளை வாங்கிக் குப்பையை நிரப்பி, அந்தப் பெயரின் செல்வாக்கில் தேடலில் முன்னேறப் பார்க்கும் தொழில் ஒன்றே இருக்கிறது. 2024 மார்ச்சில் கூகுள் அதை ஸ்பேம் வகைகளில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வங்கியின் பழைய டாட் காம் அப்படிக் கைமாறினால் ரிசர்வ் வங்கியின் நோக்கமே தலைகீழாகிவிடும். முன்பு ஓர் எழுத்தை மாற்றி ஏமாற்ற வேண்டியிருந்த திருடனுக்கு அசல் பெயரே கிடைக்கும். அதற்கு முன் ஆண்டுக் கட்டணம் ஒரு செலவா?

இரண்டாம் முறை மாறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்டேட் வங்கியின் இணைய வங்கிச் சேவை ஏற்கெனவே டாட் காமிலிருந்து ‘டாட் எஸ்பிஐ’க்கு மாறியிருந்தது, அதன்பின் வந்ததுதான் டாட் பேங்க் டாட் இன். இப்படிப்பட்ட நிலையில் முதலாவதை இரண்டாவதுக்கும் இரண்டாவதை மூன்றாவதுக்கும் கோத்து வைக்கக் கூடாது. பழையவை ஒவ்வொன்றும் கடைசி இடத்துக்கே நேராகக் காட்ட வேண்டும். மாறிய செய்தியை கூகுளின் சர்ச் கன்சோலில் உள்ள முகவரி மாற்றக் கருவியிலும் தெரிவித்துவிடலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சில வாரங்கள் தரவரிசை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பதறி வடிவத்தையும் எழுத்தையும் சேர்த்து மாற்றினால், எது எதனால் விழுந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழியிருக்காது. விற்பனையை நிறுத்திவிட்ட சரக்கின் பக்கத்தை எங்கும் திருப்ப வேண்டியதில்லை. இல்லை என்றே சொல்லட்டும்.

இதையெல்லாம் செய்ய, பழைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். சிறு கடைகளில் பெரும்பாலும் அது முதலாளியின் பெயராக இருப்பதில்லை. தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில்தான் கடவுச்சொல்லும் புதுப்பிப்பு நினைவூட்டலும் கிடக்கும். புதுப் பெயரை வாங்குவதற்கு முன்பே அவரைத் தேடிப் பிடித்துப் பதிவைக் கடையின் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.